வெள்ளிக்கிழமை எடுக்காத அளவு

குளிரூட்டல், காற்றுச் சூடாக்கல் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிமாருக்கும் தங்கச்சிமாருக்கும் இதை ஆத்திரத்தோடுதான் எழுதத் தொடங்குகிறேன். ஆத்திரம் உங்கள் மேல் இல்லை. கொஞ்சம் உங்கள் மேலும்தான். போன மாதம் உங்களில் ஒருவர் ஒரு வெப்பப் பம்பியின் மதிப்பீட்டைக் கொண்டுவந்து என்னிடம் காட்டினார். அழகான தாள். நிறம் நிறமாக வரைபுகள். ஒரு பங்கு மின்சாரத்துக்கு இத்தனை பங்கு வெப்பம் என்று இரண்டு தசமதானத்துக்குத் திருத்தமாகப் போட்டிருந்தது. "எந்தெந்த நாளில் அளந்தீர்கள்?" என்று கேட்டேன். "நாளா?" என்றார். மெஷின் செய்தவன் தந்த புத்தகத்திலிருந்து எடுத்த இலக்கமாம். எனக்கு ரத்தக்கொதிப்பு. கோபப்படக் கூடாது என்று டொக்டர் சொல்லியிருக்கிறார். அன்றைக்கு ஒரு மாத்திரை கூடப் போட்டேன்.

அப்படிக் கோபப்பட எனக்கு உரிமை உண்டா என்றால், சரியாகச் சொல்லத் தெரியவில்லை. எண்பதுகளின் ஆரம்பத்தில் எங்கள் ஊரான மருதமுனையில் நான் பார்த்த ஒரு வேலையைச் சொன்னால், அந்தத் தம்பி என்னை நினைத்து மாத்திரை போட வேண்டிவரும்.

அப்போது நான் இளந்தாரி. கல்முனையில் ஒரு ஐஸ் பெக்டரியில் வேலை. மீனுக்கு ஐஸ் போடுகிற மெஷின்களைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. கையில் ஒரு டிப்ளோமா. டிப்ளோமாவுக்கும் பட்டத்துக்கும் என்ன வித்தியாசம் என்று ஊருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும், நான் சொல்லவில்லை. எல்லோரும் "இஞ்சினியர்" என்று கூப்பிட்டார்கள், நானும் திரும்பிப் பார்த்தேன்.

மருதமுனையில் நெசவுக்காரர்களின் சங்கம் ஒன்று இருந்தது. சாரனுக்கும் சாரிக்கும் வேண்டிய நூலைச் சங்கமே சாயம் போட்டு, காயவைத்து, வீடு வீடாகத் தறிகளுக்குக் கொடுக்கும். வெயில் காலத்தில் பிரச்சினை இல்லை. கடற்கரையில் கயிறு கட்டித் தொங்கவிட்டால் பகலுக்குள் காய்ந்துவிடும். மாரி தொடங்கினால்தான் சீவன் போகும். மழை விடாது, காற்றெல்லாம் ஈரம், நூல் நாறிப் பூஞ்சணம் பிடிக்கும். சாய நூல் வராவிட்டால் தறி நிற்கும். தறி நின்றால் அந்த வீட்டில் அடுப்பும் அநேகமாக நிற்கும். கப்பல் கப்பலாக வெளிநாட்டுத் துணி வந்து இறங்கத் தொடங்கியிருந்த காலம் வேறு. ஒரு கிழமை பிந்தினால் கடைக்காரன் "இனி வேணாம்" என்று சொல்லிவிடுவான்.

அதற்காக அவர்கள் ஒரு உலைக்கூடம் வைத்திருந்தார்கள். செங்கல்லால் கட்டிய அறை, பக்கத்தில் உமி எரிக்கிற உலை, மேலே புகைக்கூண்டு. அசிங்கமான கட்டடம். புகை கசியும், வெள்ளை நூல் மங்கும், பக்கத்து வீட்டார் ஏசுவார்கள். ஆனால் எந்த மழையிலும் நூல் காய்ந்தது.

அந்த நேரத்தில் கொழும்பிலிருந்து ஒரு கம்பனி வந்தது. ஒரு வெப்பப் பம்பியைக் கொண்டுவந்து, பக்கத்திலேயே புதிதாக ஒரு உலர்த்தும் அறை கட்டி, அதற்குள் ஐம்பத்தைந்து பாகையில் சுடுகாற்று ஊதிக் காட்டுகிறோம் என்றார்கள். சங்கத்துக்கு ஏறத்தாழச் சும்மாவே தருகிறார்களாம். ஒரே ஒரு நிபந்தனை. பழைய உலைக்கூடத்தை இடித்துவிட வேண்டும். ஒரு பெரிய மனிதர் வந்து நாடா வெட்டுவார், படம் எடுப்பார்கள், படத்தில் புகைக்கூண்டு தெரியக் கூடாது.

ஓம், நீங்கள் வாசித்தது சரிதான். படத்துக்காக.

சங்கத் தலைவரை எல்லோரும் ஹாஜியார் என்றுதான் கூப்பிடுவோம். நல்ல மனிதர், ஆனால் புது மெஷினைக் கண்டால் மாப்பிள்ளையைக் கண்ட மாதிரி முகம் மலரும். அவருக்கு ஒரே ஒரு தயக்கம். கம்பனிக்காரனே கம்பனி மெஷினைப் புகழ்ந்தால் எப்படி நம்புவது? ஊர்ப்பிள்ளை ஒருத்தன் அளந்து ஒப்பம் வைக்கட்டும் என்றார். அப்படித்தான் ஐஸ் போடுகிறவனைச் சூடு பார்க்கக் கூப்பிட்டார்கள்.

இதில் ஒரு நியாயமும் இருந்தது. வெப்பப் பம்பி என்பது பிரிட்ஜின் முதுகுதான். பிரிட்ஜுக்குப் பின்னால் கை வைத்தால் சுடும், உள்ளே இருக்கிற சூட்டை எடுத்து அது பின்னால் கொட்டுகிறது. வெப்பப் பம்பி வெளிக்காற்றிலுள்ள சூட்டை இழுத்து அறைக்குள் கொட்டும். மின்சாரம் செலவாவது சூட்டை உண்டாக்குவதற்கல்ல, ஏற்றுவதற்கு. வாய்க்காலிலிருந்து மேட்டு வயலுக்குத் தண்ணீர் ஏற்றுகிற பம்பியை நினைத்துக்கொள்ளுங்கள். வாய்க்கால் முட்ட நிறைந்திருந்தால் கொஞ்ச எண்ணெயில் நிறையத் தண்ணீர் ஏறும். வாய்க்கால் தாழ்ந்துபோனால் அதே எண்ணெய்க்கு அரைவாசிதான். ஆகவே "இந்தப் பம்பி எத்தனைக்கு எத்தனை தரும்" என்று மட்டும் கேட்பது அரைக்கேள்வி. எந்தக் காற்றிலிருந்து எடுத்து, எவ்வளவு சூட்டுக்கு ஏற்றுகிறது என்பது மற்ற அரை. இது எனக்கு அன்றைக்கே தெரியும். தெரிந்துகொண்டே செய்த பிழை என்பதால்தான் இன்றைக்கும் எரிகிறது.

கம்பனியின் இஞ்சினியர் சொன்னது நாலு. ஒரு பங்கு மின்சாரத்துக்கு நாலு பங்கு வெப்பம். நான் சிரித்தேன். இந்த ஈரக் காற்றில், ஐம்பத்தைந்து பாகைக்கு ஏற்றி நாலா? நான் படித்த புத்தகக் கணக்குப்படி மூன்று வந்தாலே பெரிய விஷயம். "பாப்பம்" என்றேன், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு.

அறை கட்டி மெஷின் ஓடத் தொடங்கியதும் மூன்று வாரம் பார்த்தேன். ஐஸ் பெக்டரி வேலை முடிந்ததும் சைக்கிளில் போவேன். உள்ளே ஊதுகிற காற்றின் வேகம், சூடு, மின்மானியின் சுற்று எல்லாம் எடுத்தேன். வெளிக்காற்றின் சூட்டை நிழலில் பார்க்க வேண்டும் என்று படித்திருந்ததால், சங்க வளவின் மற்றக் கோடியில் நின்ற வேம்பில் வெப்பமானியைக் கட்டினேன். கணக்குப் போட்டேன். நாலு. அடுத்த நாளும் நாலு. அதற்கடுத்த நாள் நாலுக்குக் கொஞ்சம் மேல்.

இங்கேதான் தம்பிமாரே, நான் நின்று யோசித்திருக்க வேண்டும். நடக்க முடியாத ஒன்று நடந்தால், மெஷின் நல்லது என்று அர்த்தம் இல்லை, நான் எதையோ பார்க்கவில்லை என்று அர்த்தம். நான் என்ன செய்தேன் தெரியுமா? சந்தோஷப்பட்டேன். புத்தகம் பிழை, எங்கள் கடற்கரைக் காற்றில் ஏதோ விசேஷம் இருக்கிறது என்று ஐஸ் பெக்டரியில் ஒரு பிரசங்கமே வைத்தேன். கம்பனி இஞ்சினியர் தோளில் தட்டி, "மிஸ்டர், உங்களைப் போல ஆக்கள் கொழும்பில இருக்கணும்" என்றார். எனக்குக் கொழும்பில் ஒரு அறையும் மின்விசிறியும் கண்ணுக்குள் வந்துவிட்டன. ஒரு பங்குக்கு நாலு என்று எழுதி, திகதி போட்டு, வால் நீட்டி ஒப்பம் வைத்தேன். அந்த வால் கடைசியில் மேலே வளைந்து போகும். கண்ணாடிக்கு முன்னால் நின்று பழகிய ஒப்பம்.

நான் அளந்தது சனி தொடங்கி வியாழன் வரைக்கும். வெள்ளிக்கிழமை எனக்கு லீவு.

ஒப்பம் வைத்த அதே வாரம், ஞாயிற்றுக்கிழமை உலைக்கூடத்தை இடிக்கிறதென்று முடிவாகி, ஆளும் பேசியாயிற்று. அதற்கு முந்திய வெள்ளி. ஜும்ஆத் தொழுகை முடிந்து மாமி வீட்டில் இறைச்சி ஆணத்தோடு சோற்றில் கை வைத்திருக்கிறேன். உலர்த்தும் அறையைப் பார்த்துக்கொள்கிற ஜெமீலா ராத்தா ஆள் அனுப்பியிருந்தா. இஞ்சினியரை ஒருக்கா வரட்டாம்.

ஊருக்கே அக்காவான ஜெமீலா ராத்தாவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். நூலை விரலில் சுற்றிப் பார்த்தே எத்தனை நாழிகையில் காயும் என்று சொல்லுவா. சங்கத்தில் அங்கத்தவர். வாயும் லேசுப்பட்டதில்லை. ஹாஜியாரே அவவோடு கதைக்கும்போது கொஞ்சம் தள்ளித்தான் நிற்பார். வெள்ளிக்கிழமை ஆண்கள் எல்லாரும் பள்ளிவாசலுக்குப் போய்விடுவதால் அந்த அறை அன்றைக்கு அவ கையில்.

நான் போய்ச் சேர்ந்தபோது அறை வாசலில் ஒரு கழி நூலோடு நின்றா. பிழிந்தால் தண்ணீர் சொட்டும் போல இருந்தது.

"இஞ்சினியர் தம்பி, மெஷினும் ஜும்ஆவுக்குப் போயிற்று போல" என்றா.

உள்ளே போனேன். மெஷின் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஐம்பத்தைந்து காட்ட வேண்டிய வெப்பமானி நாற்பதைத் தொட மாட்டேன் என்று நின்றது.

இனி என் வீரத்தைக் கேளுங்கள். முதலில் வெப்பமானி பழுது என்றேன். இன்னொன்று வைத்தேன், அதுவும் அதையே சொன்னது. கரண்ட் குறைவு என்றேன். மின்மானி நன்றாகச் சுற்றியது. கேஸ் கசிகிறது என்று முடிவெடுத்து, சவர்க்கார நுரையைக் குழைத்து ஒவ்வொரு பொருத்திலும் பூசினேன். வெள்ளிக்கிழமை போட்டுப் போன வெள்ளை உடுப்போடு, தலையில் தொப்பியோடு, மெஷினுக்குக் கீழே படுத்து நுரை ஊதுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் ஊதவில்லை. கடைசியில் எழும்பி வந்து, இந்தத் தொழிலில் மிகவும் கேவலமான காரியத்தைச் செய்தேன்.

"கதவ ஆரு திறந்த?" என்று ஏசினேன்.

"ஒருத்தரும் திறக்கல்ல. நீங்க வந்துதான் கதவு திறந்த."

"அப்ப ஏன் சூடு இறங்கின?"

"அத நீங்கதானே சொல்லணும். போன வெள்ளியும் இப்பிடித்தான். அதுக்கு முந்தின வெள்ளியும் இப்பிடித்தான்."

நுரைச் சட்டியைக் கீழே வைத்தேன்.

"போன வெள்ளி நூல் எப்பிடிக் காஞ்ச ராத்தா?"

"எங்க காஞ்ச? அள்ளிக்கொண்டு உலைக்கூடத்துக்குள்ள போட்டு, உமியக் கொட்டிக் காய வெச்ச நாங்க. வியாழக்கிழமை ரெட்டைச் சாயமெல்லோ. அத்தினை நூலையும் நாறவா விட ஏலும்?"

"ஏன் எனக்கு ஒரு சொல்லுச் சொல்லல்ல?"

"நீங்க கேக்கல்லியே தம்பி. வாற நேரமெல்லாம் அந்த வேம்புல என்னத்தையோ கட்டிக்கிட்டு நிண்டீங்க. மரத்துக்குக் காய்ச்சல் பாக்கிற எண்டு நெனச்ச நான்."

அவவுக்குப் பின்னால் நின்ற பெண்கள் முக்காட்டுக்குள் சிரித்தார்கள். நான் படியில் குந்திவிட்டேன்.

குந்தியிருந்தபடி மேலே பார்த்தேன். மெஷின் வெளிக்காற்றை இழுக்கிற வாய் சுவரில் இருந்தது. அதற்குப் பத்துப் பன்னிரண்டு அடி தள்ளி சாயக்கொட்டிலின் சாளரம். சாதாரண நாளில் அந்தச் சாளரத்தால் சாயப்பானைகளின் ஆவி குபுகுபுவென்று வந்துகொண்டே இருக்கும். அன்றைக்கு அதில் ஒன்றும் இல்லை. ஒரு காகம் குந்தியிருந்தது. வெள்ளிக்கிழமை எங்களூரில் சாயப்பானைக்கு நெருப்பு மூட்ட மாட்டார்கள். காலம் காலமாக அப்படித்தான். சனிக்கிழமை தறிக்கு நூல் குறையக் கூடாதென்று வியாழக்கிழமையே இரண்டு மடங்கு சாயம் போட்டுவிடுவார்கள்.

இப்போது விளங்குகிறதா? நான் வேம்படிக் காற்றை அளந்தேன். மெஷின் குடித்ததோ சாயப்பானையின் ஆவியை. சனி தொடங்கி வியாழன் வரைக்கும் அதன் வாய்க்கால் முட்ட நிறைந்திருந்தது, பக்கத்தில் எரிகிற உமியின் புண்ணியத்தில். கடற்கரைக் காற்றின் விசேஷம் என்று நான் பிரசங்கம் வைத்தது சாயத் தண்ணீரின் சூட்டைப் பற்றி. கூடுதலான நூல் அறைக்குள் தொங்குகிற வெள்ளிக்கிழமையிலோ, மெஷினுக்கு வெறும் மழைக்காற்று. பங்கும் குறைந்தது, கொடுக்கிற மொத்தச் சூடும் குறைந்தது. அந்தப் பிழையை இரண்டு வெள்ளியாக யாருக்கும் தெரியாமல் மூடி மறைத்து என் மானத்தைக் காத்துக்கொண்டிருந்தது உலைக்கூடம். அதைத்தான் என் ஒப்பத்தை நம்பி ஞாயிற்றுக்கிழமை இடிக்கப் போகிறார்கள்.

கொழும்பு இஞ்சினியருக்கு எங்களூர் வெள்ளிக்கிழமை தெரியாது, அவரை மன்னிக்கலாம். நான் அந்த ஊர்க்காற்றிலேயே வளர்ந்தவன். வெள்ளிக்கிழமை பானை எரியாது என்பது எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். வெள்ளிக்கிழமை வேலை இல்லை என்பதும் தெரியும். அதனால்தான் அன்றைக்கு அளக்கப் போகவில்லை. எல்லோருக்கும் லீவு என்றால் மெஷினுக்கும் லீவு என்று நினைத்துவிட்டேன் போல. வெளியூரான் ஒருத்தன் இந்தப் பிழையை விட்டிருக்க மாட்டான், வெள்ளிக்கிழமையும் வந்து அளந்திருப்பான்.

வீட்டுக்குப் போய்க் காய்ச்சல் என்று படுத்தேன். உண்மையான காய்ச்சல் இல்லை. ஹாஜியாருக்கு முன்னால் "பிழை விட்டிட்டன்" என்று சொல்லுகிற காட்சி நினைவுக்கு வரும்போதெல்லாம் போர்வையை இழுத்துக்கொண்டேன். மாமி கொத்தமல்லி அவித்துத் தந்தா, குடித்தேன். ஒரு பொய்க் காய்ச்சலுக்கு மூன்று கோப்பை கொத்தமல்லித் தண்ணீர் அதிகம்தான்.

சனிக்கிழமை காலையில் போய், சும்மா சொல்லாமல் காட்ட வேண்டும் என்று ஒரு வேலை செய்தேன். பானைகள் நன்றாகக் கொதிக்கிற நேரம் வெப்பமானியை மரத்திலிருந்து அவிழ்த்து மெஷினின் வாயிலேயே கட்டினேன். வேம்படியைவிட எட்டுப் பாகை கூட, ஈரம் வேறு சொட்டியது. பிறகு சாளரத்துக்கும் மெஷினுக்கும் நடுவில் உமிச்சாக்குகளைக் கோர்த்துத் திரையாகக் கட்டச் சொன்னேன். ஜெமீலா ராத்தாவே கோணி ஊசியோடு வந்து தைத்துத் தந்தா. சாக்குத் திரை ஏறிய கொஞ்ச நேரத்தில் அறைச் சூடு இறங்கத் தொடங்கியது. கணக்குப் போட்டேன். மூன்று கூட இல்லை. புத்தகம் சொன்னது சரி. கடற்கரைக் காற்றில் ஒரு விசேஷமும் இல்லை.

அஸர் தொழுகைக்குப் பிறகு சங்கக் கந்தோரில் இருந்தோம். ஹாஜியார், நிருவாகத்தில் இரண்டு பேர், நாடா வெட்டுக்கு ஆயத்தம் பார்க்க வந்திருந்த கம்பனி இஞ்சினியர், நான். வாசல் நிலையில் ஜெமீலா ராத்தா.

எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லி முடிய ஹாஜியார் தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தார். அது நல்ல அறிகுறி இல்லை.

"தம்பி, இதுல ஒப்பம் வெச்ச ஆரு?"

"நான்தான் ஹாஜியார்."

"நாலு எண்டு எழுதின ஆரு?"

"அதுவும் நான்தான்."

"அப்ப இப்ப வந்து கதைக்கிற ஆரு?"

காலையில் போட்ட கணக்கை அவருக்கு முன்னால் வைத்தேன்.

கம்பனி இஞ்சினியருக்குக் கோபம் வரவில்லை. அதுதான் ஆபத்து. சிரித்துக்கொண்டே என் பக்கம் கதிரையை இழுத்தார். "மிஸ்டர், நீங்க சும்மா பயப்படுறீங்க. ஆறு நாள் நாலு. ஒரு நாள் மூணுக்குக் கொஞ்சம் குறைவு. கூட்டிப் பிரிச்சா நாலுக்குக் கிட்டத்தானே வருது. சராசரி எண்டு ஒரு சொல்லைச் சேர்த்திடுங்க. எழுதினதும் பொய்யில்ல, ஒருத்தருக்கும் கரைச்சலும் இல்ல."

கணக்குச் சரி. அதை இன்றைக்கும் ஒப்புக்கொள்கிறேன். அவர் பேனாவின் மூடியைக் கழற்றி என் கையில் தந்தார். எனக்கு எவ்வளவு நிம்மதி என்று உங்களுக்குச் சொல்லத் தெரியவில்லை. என் மானம் தப்புகிறது, ஹாஜியார் தொப்பியைத் திரும்பப் போடுவார், கொழும்பு அறையும் மின்விசிறியும் அப்படியே இருக்கும். தாளை என் பக்கம் திருப்பி, நாலு என்ற இலக்கத்துக்கு முன்னால் "சரா" என்று எழுதிவிட்டேன்.

"தம்பி, சராசரி எண்டா என்ன?" என்று வாசலிலிருந்து ஜெமீலா ராத்தா கேட்டா.

"ஏழு நாளையும் ஒண்டாக் கலந்து பாக்கிற ராத்தா."

"அப்ப வெள்ளிக்கிழமை காயாத நூலை, புதன்கிழமை காஞ்ச நூலோட கலந்து தறிக்குக் குடுக்கிறதா?"

நிருவாகத்தில் ஒருவர் சிரித்தார். பிறகு நிறுத்திவிட்டார். அந்த அறையிலிருந்த எல்லோருக்கும் ஈர நூலைத் தறியில் ஏற்றினால் என்ன ஆகும் என்று தெரியும். கம்பனி இஞ்சினியரைத் தவிர.

தம்பிமாரே, எனக்கு ஆத்திரம் அந்த நொடியில்தான் வந்தது, இன்னும் போகவில்லை. அந்தச் சொல்லின் மேல் ஆத்திரம். எவ்வளவு மரியாதையான சொல். எந்த நூலும் சராசரியில் காய்வதில்லை. வெள்ளிக்கிழமை ஈரமாகத் தொங்குகிற நூல் வெள்ளிக்கிழமைதான் நாறும், புதன்கிழமைச் சூடு அதற்கு உதவாது. ஒரு வருடத்துக்கு எவ்வளவு மின்சாரம் போகும் என்று கேட்டால் சராசரியைச் சொல்லுங்கள். பழைய உலையை இடிக்கலாமா என்று கேட்டால், மிகக் கெட்ட நாளின் இலக்கத்தைச் சொல்லுங்கள். மெஷினுக்கு மிகக் கெட்ட நாளும் உங்கள் சரக்கு மிகக் கூடுகிற நாளும் ஒரே நாளாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருக்கும். ஏனோ தெரியாது, எப்போதும் இருக்கும்.

"சரா"வை வெட்டினேன். நாலையும் வெட்டினேன். கீழே எழுதினேன்: சாயப்பானை எரிகிற நாளில் நாலு, எரியாத நாளில் மூன்றுக்குக் குறைவு, அந்த நாளில் இந்த அறை நூலைக் காய வைக்காது, உலைக்கூடத்தை இடிக்கக் கூடாது. மறுபடியும் ஒப்பம் வைத்தேன். இந்த முறை வால் வளையவில்லை. அது கீழே போய்விட்டது.

"நல்ல ஒரு சந்தர்ப்பத்தை நாசமாக்கிட்டீங்க" என்று கம்பனி இஞ்சினியர் எழும்பினார். ஹாஜியார் தொப்பியைப் போட்டுக்கொண்டு, "இடிக்கிற ஆக்கள நாளைக்கு வர வேணாம் எண்டு சொல்லுங்க" என்றார். என்னைப் பார்க்காமல்தான் சொன்னார். அடுத்த ஒரு வருடமும் என்னைக் கண்டால் பாதையின் மற்றப் பக்கம் போவார்.

நாடா வெட்டு நடந்தது. உலைக்கூடத்துக்கு முன்னால் பெரிய பதாகை ஒன்றைக் கட்டிப் புகைக்கூண்டை மறைத்துவிட்டார்கள். பெரிய மனிதர் அறைக்குள் தலையை விட்டு, "அப்பா, என்ன சூடு" என்றாராம். அது எந்தக் கிழமை என்று நான் சொல்லத் தேவையில்லை, வெள்ளி இல்லை. அந்த மாரி முழுவதும் ஆறு நாள் மெஷினும் ஒரு நாள் உமியுமாக நூல் காய்ந்தது. ஒரு தறியும் நிற்கவில்லை. இதோடு கதையை முடித்தால் நான் கொஞ்சம் நல்லவனாகத் தெரிவேன். முடிக்க ஏலாது.

அடுத்த மாரிக்குக் கொஞ்சம் முந்தி, அக்கரைப்பற்றிலிருந்து நெல் ஆலைக்காரர் ஒருவர் ஐஸ் பெக்டரிக்கு என்னைத் தேடி வந்தார். அவித்த நெல்லைக் காய வைக்கிற ஆலை. கையில் மடித்த தாள் ஒன்று. விரித்துக் காட்டினார். ஒரு பங்குக்கு நாலு. திகதி. வால் வளைந்த ஒப்பம். நான் வெட்டுவதற்கு முந்தியே கம்பனி அதைப் பிரதி எடுத்து வைத்திருக்கிறது. வெட்டிய தாள் சங்கத்துக் கந்தோரில் தூசி பிடித்துக் கிடக்க, வெட்டாத தாள் ஊர் ஊராகப் போயிருக்கிறது.

"காக்கா, இது உங்கட ஒப்பமா?" என்று அண்ணனைக் கேட்பது போல மரியாதையாகக் கேட்டார்.

"ஓம்."

"மெஷின் போன மாசம் வந்த. பக்கத்துல ஆவியும் இல்ல, ஒண்டும் இல்ல, வெட்டவெளிதான். நெல்லு காயுதில்ல. எங்கயோ பிழை விட்டிட்டம் போல, உங்களக் கேட்டா தெரியும் எண்டு சொன்னாங்க."

அந்த மனிதர் பிழை தன்னுடையது என்று நினைத்து வந்திருந்தார். என் இலக்கத்தில் சந்தேகப்பட அவருக்குத் தோன்றவே இல்லை.

"உங்கட பழைய உமி அடுப்பு இரிக்கா?" என்று கேட்டேன்.

"மெஷின் வைக்க இடம் வேணுமெண்டு அத உடைச்சிட்டமே."

ஐஸ் பெக்டரியில் மூன்று நாள் லீவு சொல்லி, உடைத்த அடுப்பைத் திரும்பக் கட்ட அதே பஸ்ஸில் அவரோடு போனேன். எனக்குச் செங்கல் கட்டத் தெரியாது. கட்டத் தெரிந்தவர்களுக்கு எடுத்துக் கொடுத்தேன். இரண்டாம் நாள் மழை பிடித்தது. சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு கல் சுமந்தேன். ஒரு மேசன் என்னைப் பார்த்து, "நீங்க என்ன வேல செய்ற?" என்று கேட்டார். இஞ்சினியர் என்று சொல்ல வாய் வரவில்லை. "ஐஸ் போடுற" என்றேன்.